வேதாகம ஆய்வுக்குப் பட்டம் தேவையா? ஓர் எளிய விளக்கம்

வேதாகமத்தைப் பற்றி ஒருவர் பழக்கமில்லாத ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், உடனே இரண்டு கேள்விகளில் ஒன்று எழுகிறது. “இவர் எந்த இறையியல் கல்லூரியில் படித்தார்?” என்பது ஒரு தரப்பின் கேள்வி. “பேதுரு எந்தக் கல்லூரியில் படித்தார்?” என்பது மறுதரப்பின் எதிர்க்கேள்வி. இவ்விரண்டும் மோதிக்கொண்ட பிறகு, முதலில் சொல்லப்பட்ட கருத்து சரிதானா என்று பார்க்க எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. கல்வித்தகுதி எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதைப் பிரித்துப் பார்க்காததே இந்த முட்டுக்கட்டைக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கமோ எபிரேயமோ அறியாத வாசகரை மனத்தில் வைத்து, அதை இங்கே படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

## ஒரே நூல், மூன்று வேலைகள்

வேதாகமத்தைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தம் வாழ்வுக்கு வழி தேடி வாசிப்பவர் செய்வது தியானம். ஒரு சபையின் முன் நின்று அதை எடுத்துரைப்பவர் செய்வது பிரசங்கம். இந்த நூல் எப்போது, எம்மொழியில், எவருக்காக எழுதப்பட்டது, அதன் சொற்கள் நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று கேட்டு, பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய சான்றுகளுடன் விடை சொல்பவர் செய்வது ஆய்வு. முதல் வேலைக்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டாவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை அந்தந்தச் சபையே தீர்மானிக்கிறது. சில சபைகள் பல ஆண்டுக் குருமடக் கல்வியைக் கேட்கின்றன, சில சபைகள் தேவ அழைப்பு ஒன்றே போதும் என்கின்றன. பட்டத்தைப் பற்றிய வாதம் உண்மையில் பொருள்படுவது மூன்றாவது வேலையில்தான்.

பேதுருவைத் துணைக்கு அழைப்பவர்கள் அப்போஸ்தலர் 4:13-ஐ மேற்கோள் காட்டுகிறார்கள். யூதத் தலைவர்கள் பேதுருவையும் யோவானையும் “படிப்பறியாதவர்கள்” என்று அறிந்து வியக்கும் இடம் அது. ஆனால் அங்கே அவ்விருவரும் செய்தது, தாம் கண்டதையும் கேட்டதையும் சாட்சியாகச் சொன்னது. கண்ணால் கண்டவருக்குப் பட்டம் எதற்கு? கலிலேயா அவர்கள் வளர்ந்த மண். அங்கே புழங்கிய அரமேயம் அவர்கள் பேச்சுமொழி. அந்தக் காலத்து வரி, கடல், ஆலயம், திருவிழா எல்லாம் அவர்களுடைய அன்றாடம். இன்றைய மாணவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஓரளவு எட்டிப்பிடிக்கும் அறிவு அவர்களுக்கு வாழ்ந்ததனாலேயே வாய்த்திருந்தது. மேலும், அதே அப்போஸ்தலர் நூலின் 22:3-இல் பவுல், தான் கமாலியேல் என்ற யூத வேத அறிஞரின் பாதத்தருகே படித்தவன் என்பதைத் தயக்கமின்றி எடுத்துச் சொல்கிறார். பட்டமில்லாதவர்களின் வரிசையில் மார்ட்டின் லூத்தரையும் சேர்த்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் 1512-இல் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: விசுவாசத்துக்கும் சாட்சிக்கும் கல்வித்தகுதியை நிபந்தனையாக்க முடியாது, அதனால் ஆய்வுக்கும் அது வேண்டாம் என்று முடிவு கட்டவும் முடியாது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

## முத்திரையும் உரைகல்லும்

தங்க நகையில் அதன் தரத்தைக் காட்டும் முத்திரை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் அதைத் தேடிப் பார்ப்பதற்குக் காரணம், தங்கத்தைத் தாமே சோதிக்க அவருக்குத் தெரியாது என்பதுதான். உரைகல் வைத்திருப்பவர் முத்திரையை நம்பி இருக்க வேண்டியதில்லை. உரசிப் பார்த்துச் சொல்லிவிடுவார். முத்திரை இல்லாத நகையிலும் மாற்றுக் குறையாத தங்கம் இருக்கலாம், முத்திரையே போலியாகவும் இருக்கலாம். இருந்தாலும், உரைகல்லும் இல்லாமல் முத்திரையும் பாராமல் நகை வாங்குபவர் ஏமாறுவதற்குத் தாமே வழி செய்துகொள்கிறார்.

கல்விப் பட்டம் இத்தகைய முத்திரை. இவர் இன்ன பயிற்சியைப் பெற்றார், அதை இன்னார் சோதித்தார்கள் என்று மட்டுமே அது சொல்கிறது. அவர் இன்று சொல்லும் ஒரு குறிப்பிட்ட கருத்து உண்மை என்று அது சொல்வதில்லை. கருத்தை உரசிப் பார்க்கும் கல், சான்று. அந்தக் கல்லைக் கையாளத் தெரிந்தவர்கள் பட்டத்தைப் பார்க்காமலே ஒருவருடைய கூற்றை ஏற்கவோ தள்ளவோ முடியும். தெரியாதவர்களுக்குத்தான் முத்திரை வேண்டியிருக்கிறது, அதுவும் முதல் அடையாளமாக மட்டுமே.

முத்திரைகள் பலவகை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வு முனைவர் பட்டம் பெறுபவர், புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தையும் பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தையும் (தானியேல், எஸ்றா நூல்களின் சில பகுதிகள் அரமேயத்தில் உள்ளன) மூலத்தில் வாசிக்கக் கற்று, முந்தைய ஆய்வுகளைப் படிப்பதற்காகப் பெரும்பாலும் ஜெர்மனையும் பிரெஞ்சையும் கற்று, இதுவரை எவரும் நிறுவாத ஒன்றை நிறுவும் நீண்ட ஆய்வேட்டை எழுதி, அதைத் தேர்வாளர்கள் முன்னிலையில் தற்காக்க வேண்டும். ஊழிய முனைவர் பட்டம் என்பது வேறு. சபைப் பணியில் இருப்பவர்கள் அந்தப் பணியில் மேலும் தேர்ச்சி பெறுவதற்கான தொழில்சார் பட்டம் அது, மூலமொழிகளில் ஆய்வு செய்ததற்கான சான்று அன்று. கௌரவ முனைவர் பட்டம் ஒருவருடைய சேவையைப் பாராட்டி வழங்கப்படுவது. அதற்குப் படிப்போ தேர்வோ கிடையாது. இவற்றுக்கு அப்பால், எந்த அங்கீகாரமும் இல்லாத நிறுவனங்கள் பணம் பெற்றுக்கொண்டு கொடுக்கும் காகிதங்களும் உண்டு. அங்கீகாரம் என்பது, ஒரு கல்வி நிறுவனத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களின் தரத்தையும் நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு சோதித்து ஏற்றுக்கொள்வது. இந்த நான்கு வகையினரின் பெயருக்கு முன்னாலும் “டாக்டர்” என்ற ஒரே சொல்தான் வந்து நிற்கிறது. ஏமாற்றத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

## பயிற்சி உண்மையில் என்ன செய்கிறது: மாற்கு 16

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, ஒரே ஒரு சிக்கலை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள பன்னிரண்டு வசனங்களை மாற்குவே எழுதினாரா என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வி. பல மொழிபெயர்ப்புகள் அவ்வசனங்களை அடைப்புக்குறிக்குள் இட்டோ அடிக்குறிப்புடனோ அச்சிடுகின்றன.

மூலமொழி எதுவும் தெரியாதவர்கூட இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். ஒன்பதாம் வசனம் மகதலேனா மரியாளைக் குறிப்பிட்டு, அவளிடமிருந்து இயேசு ஏழு பிசாசுகளைத் துரத்தியிருந்தார் என்று அவளை அறிமுகப்படுத்துகிறது. ஆனால் மரியாள் 15:40-இலும் 15:47-இலும் 16:1-இலும் பெயரோடு ஏற்கெனவே வந்துவிட்டாள். மூன்று முறை வந்துபோன ஒருவரை நான்காம் முறையில் அறிமுகம் செய்வானேன்? இது கூர்ந்து வாசிக்கும் எவருக்கும் தோன்றக்கூடிய கேள்வி, இதற்குப் பட்டம் தேவையில்லை.

அடுத்த படியில் கையெழுத்துப்படிகள் வருகின்றன. அச்சு இயந்திரம் வருவதற்கு முன் கையால் நகலெடுக்கப்பட்ட பிரதிகளே கையெழுத்துப்படிகள். புதிய ஏற்பாட்டை முழுமையாகவோ பகுதியாகவோ கொண்ட கிரேக்கக் கையெழுத்துப்படிகள் 5,000-க்கும் மேல் உள்ளன; ஆசிரியர்கள் தம் கையால் எழுதிய மூலப்படி ஒன்றுகூட இல்லை. நகல்களுக்கிடையே காணப்படும் வேறுபாடுகள் பாடபேதங்கள் எனப்படும். அவற்றை ஒப்பிட்டு, தொடக்கத்தில் எழுதப்பட்டது எதுவாக இருந்திருக்கும் என்று தீர்மானிக்கும் துறை மூலபாட ஆய்வு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி ஆகிய இரண்டிலும் மாற்கு சுவிசேஷம் 16:8-உடன் முடிந்துவிடுகிறது. கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதே கடைசி வரி. வத்திக்கான் பிரதியின் பக்கங்கள் நெடுக்குப் பத்திகளாக எழுதப்பட்டவை; அதில் மாற்குவின் முடிவுக்குப் பின் அத்தகைய ஒரு பத்தி முழுவதும் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. வேறு சில பிரதிகளில் குறுகிய முடிவு ஒன்று காணப்படுகிறது. பிற்காலத்துப் பிரதிகளில் மிகப் பெரும்பான்மையானவை பன்னிரண்டு வசனங்களையும் கொண்டிருக்கின்றன.

இந்த இடத்தில்தான் அரைகுறை அறிவு இரு பக்கமும் தடுக்கி விழுகிறது. “மிகப் பழைய பிரதிகளில் இல்லை, ஆகவே இது நான்காம் நூற்றாண்டுக்குப் பின் புகுத்தப்பட்டது” என்று ஒருவர் சொல்கிறார். “பெரும்பான்மைப் பிரதிகளில் இருக்கிறது, ஆகவே இது மூலத்தில் இருந்தது” என்று மற்றொருவர் சொல்கிறார். பயிற்சி பெற்றவர் இரண்டையும் மறுப்பார். சுமார் 180-இல் எழுதிய ஆயர் இரேனியு, மாற்கு தம் சுவிசேஷத்தின் முடிவில் சொல்வதாகப் பத்தொன்பதாம் வசனத்தை மேற்கோள் காட்டுகிறார். ஆகவே இந்தப் பகுதி நமக்குக் கிடைத்துள்ள சீனாய், வத்திக்கான் பிரதிகளைவிடப் பழமையானது. ஒரு பிரதியின் வயதும் அது தாங்கியிருக்கும் பாடத்தின் வயதும் ஒன்றல்ல. அதேபோல, ஒரே தாய்ப்படியிலிருந்து நூறு நகல்கள் எடுக்கப்பட்டிருந்தால் அவை நூறு சாட்சிகள் ஆகா. எண்ணிக்கையைவிட அவற்றின் உறவுமுறையே முக்கியம். இவற்றோடு பன்னிரண்டு வசனங்களின் கிரேக்க நடை, நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு தந்த குறிப்பு, சிரிய, இலத்தீன் மொழிபெயர்ப்புகளின் சாட்சியம் ஆகியவற்றையும் எடைபோட்ட பிறகு, இப்பகுதி மிகப் பழமையானது, ஆயினும் மாற்கு எழுதியதாக இருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் வருகிறார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் இதே சான்றுகளின் மீது நின்றுதான் மறுக்கிறார்கள்.

சுருக்கிச் சொன்னால், பயிற்சி தருவது விடைகளின் மூட்டையை அன்று. எந்தச் சான்றுகளையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும், எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை என்ற பழக்கத்தையே அது தருகிறது. பட்டம் என்பது இந்தப் பழக்கம் ஒருவருக்கு ஊட்டப்பட்டது என்பதற்கான குறி.

## பட்டமின்றிப் பழகியவர்கள்

அந்தப் பழக்கத்தை வேறு வழியில் பெற முடியுமா? முடியும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நல்ல எடுத்துக்காட்டுகளைத் தருகிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் டிரெகெல்லஸ் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்துப் படித்தவரல்லர். இளமையில் வேல்ஸில் ஓர் இரும்பாலையில் வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் கிரேக்கமும் எபிரேயமும் அரமேயமும் கற்றார். 1845-இல் வத்திக்கான் பிரதியைப் பார்ப்பதற்காக ரோமுக்குச் சென்றபோது, அதை நகலெடுக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சட்டைப்பைகளைச் சோதித்துப் பேனா, மை, காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகே பிரதியைப் பார்க்க விட்டார்கள், ஏதாவது ஒரு பகுதியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாலும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். 1857 முதல் 1872 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு, மூலபாட ஆய்வின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பதிப்பு. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் 1850-இல் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. புலமை முன்னே சென்றது, பட்டம் பின்னே வந்தது. மாற்குவின் பன்னிரண்டு வசனங்களைப் பற்றி அவர் சொன்ன கருத்தும் குறிப்பிடத்தக்கது: அவற்றை மாற்கு எழுதவில்லை, ஆயினும் சுவிசேஷத்தின் உரிய பகுதியாகவே அவை ஏற்கப்பட வேண்டும் என்றார். யார் எழுதியது என்பது ஒரு கேள்வி, திருச்சபை அதை வேதமாக ஏற்கலாமா என்பது வேறொரு கேள்வி என்ற தெளிவு, பட்டம் பெற்ற பலரிடமும் காணக் கிடைக்காத ஒன்று.

ஆக்னெஸ் ஸ்மித் லூயிஸ், மார்கரெட் டன்லப் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகளின் கதை இதைவிடவும் சுவையானது. சீனாய் மலையின் புனித கத்தரீன் மடத்துக்கு 1892-இல் சென்ற ஆக்னெஸ், அங்கே செல்வதற்காகவே சிரிய மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். பெண் புனிதர்களின் வரலாறு எழுதப்பட்டிருந்த ஒரு தோல்சுவடியில், சுரண்டி அழிக்கப்பட்ட பழைய எழுத்து மேலெழுத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிவதையும், அது சுவிசேஷங்களின் பாடமாக இருப்பதையும் கண்டு, ஏடு ஏடாகப் புகைப்படம் எடுத்து வந்தார். அது சுவிசேஷங்களின் மிகப் பழைய சிரிய மொழிபெயர்ப்புகளில் ஒன்று என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் அந்தப் படங்களைப் பார்த்து உறுதி செய்தார்கள். மேலே நாம் பார்த்த சிக்கலுக்கும் இது ஒரு சாட்சி: அந்தச் சுவடியிலும் மாற்கு 16:8-உடன் முடிகிறது. சகோதரிகள் இருவரிடமும் படித்துப் பெற்ற பட்டம் இல்லாததற்கு அவர்களுடைய அறிவு காரணமன்று. அவர்கள் வாழ்ந்த கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கப்படத் தொடங்கியதே 1948-இல்தான். பட்டத்தை மட்டும் பார்ப்பவர்கள், அதைப் பெறும் வாசல் யாருக்கு மூடியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

நோவாவின் வெள்ளத்தைப் போன்ற பாபிலோனியக் கதையைக் களிமண் பலகையில் 1872-இல் வாசித்துக் கண்டுபிடித்த ஜார்ஜ் ஸ்மித், பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் தொழில் பயின்றவர். உணவு இடைவேளைகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்று, அத்தகைய களிமண் பலகைகளில் பொறிக்கப்பட்ட ஆப்பெழுத்தைக் கற்றார்.

இவர்களைக் காட்டி, “பார்த்தீர்களா, படிப்பே வேண்டாம்” என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இவர்களில் ஒருவரும் மொழியைக் கற்காமல் தப்பிக்கவில்லை. தம் முடிவுகளைப் பிற அறிஞர்களின் சோதனைக்கு வைக்காமலும் இருக்கவில்லை. அவர்கள் விட்டது பட்டத்தை, பயிற்சியை அல்ல.

## பட்டம் இருந்தும் சறுக்கிய இடம்

இப்போது மறுபக்கம். 2012 செப்டம்பரில், ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங், பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழியான கோப்டிக்கில் எழுதப்பட்ட சிறு பப்பைரஸ் (நாணல் தாள்) துண்டு ஒன்றை ரோமில் நடந்த மாநாட்டில் அறிமுகம் செய்தார். அதில் இயேசு “என் மனைவி” என்று சொல்லும் வரி இருந்தது, உலகெங்கும் செய்தியானது. துறையின் உச்சியில் இருந்த ஒருவருடைய முத்திரை அதன்மேல் விழுந்திருந்தது.

ஆனால் படங்கள் வெளியான சில வாரங்களிலேயே ஐயங்கள் எழுந்தன. துண்டிலுள்ள சொற்றொடர்களில் பெரும்பாலானவை தோமாவின் சுவிசேஷம் என்ற பழைய நூலிலிருந்து வெட்டி ஒட்டியவை போலத் தெரிந்தன. அந்த நூலின் கோப்டிக் மூலத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருளுடன் இணையத்தில் ஏற்றியிருந்த ஒரு பதிப்பில் ஓரிடத்தில் ஓர் எழுத்து தவறுதலாக விடுபட்டிருந்தது. அதே எழுத்து, அதே இடத்தில், இந்தத் துண்டிலும் விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியவர் பல்கலைக்கழகப் பதவி எதிலும் இல்லாத ஓர் ஆய்வாளர். 2014-இல் வெளியான வேதியியல் சோதனைகள் பப்பைரஸ் பழையதுதான் என்று காட்டின. ஆனால் பழைய பப்பைரஸில் புதிதாக எழுத முடியும். அதே ஆண்டில், இதே கையால் எழுதப்பட்டதாகத் தோன்றிய யோவான் சுவிசேஷத் துண்டு ஒன்றின் வரிகள், 1924-இல் அச்சான ஒரு பதிப்பின் வரி முறிவுகளை அப்படியே பின்பற்றுவதை மற்றொரு ஆய்வாளர் காட்டினார். 2016-இல் ஒரு பத்திரிகையாளர் துண்டின் பூர்வோத்தரத்தை விசாரித்து வெளியிட்ட பின், சான்றுகள் போலி என்ற பக்கமே சாய்கின்றன என்று கிங் ஒப்புக்கொண்டார்.

இதைப் பேராசிரியர்களை எள்ளி நகையாடுவதற்குரிய கதையாக நான் பார்க்கவில்லை. துண்டின் படத்தையும் வாசிப்பையும் கிங் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் திறந்து வைத்ததால்தான் பிறரால் குறையைக் காண முடிந்தது. முத்திரை தவறியது, உரைகல் தவறவில்லை.

## எந்தத் துறை, யாருடைய கையெழுத்து

பட்டத்தின் எல்லை மிகக் குறுகியது என்பதும் பலர் கவனிக்காத செய்தி. பவுலின் நிருபங்களில் முனைவர் பட்டம் பெற்றவர், பாலஸ்தீன அகழாய்வைப் பற்றிப் பேசும்போது நன்கு படித்த ஒரு வாசகர் மட்டுமே. இயற்பியலிலோ மருத்துவத்திலோ பெற்ற பட்டம் இங்கே எதற்கும் உதவாது, அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும்.

பட்டம் வழங்கும் நிறுவனத்துக்கும் ஒரு நிலைப்பாடு இருக்கும். பல இறையியல் கல்லூரிகள் தம் ஆசிரியர்களிடம் விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்குகின்றன. அந்த எல்லையைத் தாண்டினால் புலமை காப்பாற்றாது: வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், வேதாகமத்தைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையால் எழுந்த சர்ச்சையில், அபர்டீனில் தாம் வகித்த திருச்சபைக் கல்லூரிப் பதவியை 1881-இல் இழந்தார். அவருடைய எபிரேயப் புலமையை யாரும் குறைகூறவில்லை. பின்னர் கேம்பிரிட்ஜ் அவரை அரபுப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. சமயச் சார்பற்ற பல்கலைக்கழகங்களுக்கும் தமக்கே உரிய முன்முடிவுகள் உண்டு, அவை எங்கும் எழுதி வைக்கப்படாததால் கண்ணில் படுவது கடினம்.

## கருவி இல்லாத வாசகர் எதைப் பார்க்கலாம்

உரைகல் நம்மிடம் இல்லாதபோதும் சிலவற்றைக் கவனிக்க முடியும். எழுதுபவர் தம் முடிவுக்கு எதிரான சான்றைத் தாமே எடுத்து வைக்கிறாரா என்பதை நான் முதலில் பார்ப்பேன். மாற்கு 16-ஐப் பற்றி எழுதி இரேனியுவைக் குறிப்பிடாதவரை, அவர் எந்தத் தரப்பில் இருந்தாலும், நம்பத் தயங்குவேன். மாற்றுக் கருத்துடையவர்கள் ஏற்றுக்கொள்ளும் விதத்தில் அவர்களுடைய வாதத்தை அவர் சொல்கிறாரா என்பது அடுத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக எவருக்கும் புலப்படாதது தமக்கு மட்டும் புலப்பட்டது என்று சொல்பவர், அதைத் துறையினர் வாசிக்கும் இடத்தில் வெளியிடாமல் பொதுமக்களிடம் மட்டுமே சொல்கிறார் என்றால், அவருக்குப் பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நல்ல அறிகுறியன்று.

பட்டமில்லாமல் இந்தத் துறையில் நுழைய விரும்புபவருக்கு இன்று டிரெகெல்லஸுக்கு இருந்த தடைகள் இல்லை. நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும் சீனாய்ப் பிரதியின் ஏடுகள் 2009 முதல் இணையத்தில் ஒன்றாகப் பார்க்கக் கிடைக்கின்றன. பேனாவைப் பறிக்க யாரும் இல்லை. கற்றதைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்பவும் முடியும். அங்கே நடப்பது சக ஆய்வாளர் மதிப்பீடு: கட்டுரை அச்சாவதற்கு முன், அதே துறையில் தேர்ந்தவர்கள் அதை வாசித்துக் குறைகளைச் சொல்கிறார்கள். பல இதழ்களில் எழுதியவரின் பெயரும் பட்டமும் பதவியும் மறைக்கப்பட்டே கட்டுரை மதிப்பீட்டாளரின் கைக்குப் போகிறது; பேராசிரியர்களின் கட்டுரைகளும் அந்தக் கட்டத்தில் திரும்பி வருவதுண்டு.